மழை நீரை வெளியேற்ற ஒரு சின்ன மோட்டார்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "கரண்ட் போனால் யு.பி.எஸ். எத்தனை நிமிஷம் தாங்கும்?" என்பதுதான். "எங்கள் வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா?" என்று கேட்பவர்கள் குறைவு. காவிரி டெல்டாவில் வீடு உள்ளவர்கள் இந்த இரண்டாவது கேள்வியை ஐப்பசி பிறப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அடை மழையில் வாசலைத் தாண்டிக் கூடத்துக்குள் தண்ணீர் வரும்போது கம்ப்யூட்டரின் சி.பி.யு.வும் யு.பி.எஸ்.ஸும் பெரும்பாலும் தரையில்தான் இருக்கின்றன. அந்தத் தண்ணீரை இறைக்க நாம் எடுத்து வரும் மோட்டாரும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. தண்ணீர், மின்சாரம், ஈரமான வெறும் கால் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேரும் நாட்கள் அவை.

கனடாவில் டொரன்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் நம் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வசிக்கின்றன. குளிர்காலத்தில் அங்கே வாசலில் பனி கொட்டிக் கிடக்கும். அதை அள்ளி ஓரமாக வீசுவதற்கு 'ஸ்னோ த்ரோயர்' என்ற சிறிய எலெக்ட்ரிக் இயந்திரத்தை வீட்டுக்கு வீடு வாங்கி வைக்கிறார்கள். தஞ்சாவூரில் பனி என்றால் மார்கழிப் பனிதான். அதை யாரும் வாரிக் கொட்ட வேண்டியதில்லை. நமக்கு வானத்திலிருந்து வந்து வாசலை அடைப்பது மழைத் தண்ணீர். அதற்கு நம்மிடம் உள்ள இயந்திரம் அரை குதிரைச் சக்தி மோட்டார். ஊர் வேறு, பொருள் வேறு என்றாலும் இரண்டையும் பாதுகாப்பாக இயக்கும் விதிகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவை என்ன என்று பார்ப்போமா?

ஏன் தண்ணீர் நிற்கிறது?

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்துவிடுகிறது. டெல்டாவோ தட்டையான நிலம். வயலுக்குப் பாசன நீர் கொண்டுவரும் வாய்க்கால்கள் பலவற்றில் வடிகாலும் அதுவேதான். ஆறுகளில் தண்ணீர் நிறைந்து ஓடும் சமயத்தில் தெருத் தண்ணீர் இறங்க இடமில்லாமல் நின்றுவிடுகிறது.

இன்னொரு காரணம் சாலை. பழைய சாலையின் மேலேயே மறுபடி மறுபடி தார் போட்டதால் பல தெருக்களில் வீடு பள்ளமாகிவிட்டது. கும்பகோணம் சாலையில் உள்ள எங்கள் ஊரில், நான் பள்ளிக்குப் போன காலத்தில் வாசலில் இரண்டு படி இறங்கித்தான் தெருவுக்கு வருவோம். இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கி வீட்டுக்குள் போகிறோம். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசே அறிவுறுத்தியது. ஆனால் ஏற்கெனவே பள்ளமாகிவிட்ட வீடுகள் பள்ளமாகத்தானே இருக்கும்? அவற்றுக்கு மோட்டார்தான் வழி.

எத்தனை லிட்டர்? எக்ஸெல் சொல்லும்

கடைக்குப் போய் "நல்ல மோட்டாராகக் கொடுங்கள்" என்று கேட்பதற்கு முன் கம்ப்யூட்டரில் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். ஒரே ஒரு கணக்குத் தெரிந்தால் போதும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு சதுர அடி என்பது 0.0929 சதுர மீட்டர்.

எக்ஸெல் அல்லது அதுபோன்ற எந்த விரிதாள் புரோகிராமையும் திறந்து கொள்ளுங்கள்.

1. முதல் செல்லில் உங்கள் மனையின் பரப்பைச் சதுர அடியில் டைப் செய்யவும். உதாரணமாக 1200.

2. அதற்குக் கீழே உள்ள செல்லில் மழை அளவை மில்லி மீட்டரில் டைப் செய்யவும். உதாரணமாக 100.

3. மூன்றாவது செல்லில் சமக்குறி (=) போட்டு, முதல் செல்லைக் கிளிக் செய்து, நட்சத்திரக் குறி (*) போட்டு, 0.0929 என்று டைப் செய்து, மீண்டும் நட்சத்திரக் குறி போட்டு, இரண்டாவது செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டவும். 11,148 என்று விடை வரும். இதுதான் லிட்டர்.

4. நான்காவது செல்லில் மோட்டார் ஒரு நிமிடத்தில் இறைக்கும் லிட்டர் அளவைக் கொடுக்கவும். உதாரணமாக 100.

5. ஐந்தாவது செல்லில் சமக்குறி போட்டு, மூன்றாவது செல்லைக் கிளிக் செய்து, சாய்வுக் கோடு (/) போட்டு, நான்காவது செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டவும். சுமார் 111 நிமிடம் என்று வரும்.

அதாவது, 1,200 சதுர அடி மனையில் 10 சென்டி மீட்டர் மழை பெய்து ஒரு சொட்டுகூட வடியாமல் நின்றால், நிமிடத்துக்கு 100 லிட்டர் இறைக்கும் மோட்டார் இரண்டு மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிடும்.

இனி இரண்டாவது செல்லில் உள்ள எண்ணை மட்டும் மாற்றிப் பாருங்கள். மற்றவை தாமாகவே மாறும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்குப்படி 24 மணி நேரத்தில் 64.5 மில்லி மீட்டருக்கு மேல் பெய்தால் கன மழை. 115.6 முதல் மிக கன மழை. 204.4-ஐத் தாண்டினால் அதி கன மழை. இந்த அறிவிப்பு வந்ததும் அதே எண்ணை எக்ஸெல்லில் போட்டால், நம் வீட்டுக்கு அது எத்தனை ஆயிரம் லிட்டர் என்று தெரிந்துவிடும். 204.5 என்று போட்டுப் பாருங்கள். 22,798 லிட்டர், 228 நிமிடம்.

மோட்டாரின் எல்லையையும் இதே கணக்கு காட்டிவிடும். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது ஒரத்தநாட்டில் 24 மணி நேரத்தில் 66 சென்டி மீட்டர் மழை பதிவானது. 660 என்று போட்டால் 73,577 லிட்டர் என்று வருகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் ஆறு கொண்ட தண்ணீர் இது. நம் சின்ன மோட்டார் 12 மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓட வேண்டும். அப்படிப்பட்ட நாளில் மோட்டாரை நம்பி இருக்காமல், மேடான இடத்துக்குப் போவதுதான் சரி.

மழை நின்ற பிறகு, தேங்கிய தண்ணீரை அளக்க வேறொரு எளிய வழி உண்டு. ஒரு சதுர அடியில் ஒரு அங்குலம் தண்ணீர் நின்றால் அது சுமார் 2.36 லிட்டர். 300 சதுர அடி கூடத்தில் மூன்று அங்குலம் என்றால் 2,100 லிட்டர் சொச்சம். வாளியில் அள்ளினால் இடுப்பு ஒடியும் வேலை. மோட்டாருக்கு இருபது நிமிட வேலை.

"இதுக்கெல்லாம் எதுக்குடா எக்ஸெல்? ஆயில் இன்ஜினைத் தூக்கிட்டு வந்தா ஒரு நாழியில ஆச்சு" என்பார் எங்கள் அப்பா. டெல்டாவில் தெருவுக்கு ஒரு ஆயில் இன்ஜினாவது இருக்கும் என்பதால் அவர் சொல்வதும் சரிதான். ஆனால் அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நஞ்சு இருக்கிறது. வாசமோ நிறமோ இல்லாத இந்த வாயு மூடிய இடத்தில் ஆளைக் கொல்லும். எனவே இன்ஜினை வீட்டுக்குள்ளோ, ஜன்னலுக்கு அருகிலோ, கார் ஷெட்டிலோ ஓட்டக்கூடாது. தெருவில் வைத்து, நீளமான ஹோஸை மட்டும் உள்ளே விட வேண்டும்.

எந்த மோட்டார் வாங்கலாம்?

தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு நம் மாநிலத்தில் பஞ்சமே இல்லை. உள்நாட்டிலேயே தயாரான முதல் மின் மோட்டாரை 1937-ல் உருவாக்கிய ஊர் கோயம்புத்தூர். இன்றும் பம்ப் தொழிலுக்கு அது பெயர் பெற்ற ஊர். வீட்டு உபயோகத்துக்கு இரண்டு வகைகளை அறிந்து கொண்டால் போதும்.

முதலாவது மோனோபிளாக். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற நம் வீடுகளில் உள்ளது இதுதான். மோட்டார் தண்ணீருக்கு வெளியே மேடான இடத்தில் இருக்கும். உறிஞ்சும் குழாய் மட்டும் தண்ணீருக்குள் போகும். குழாயில் காற்று புகுந்தால் இறைக்காது என்பதால் முதலில் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். மோட்டார் நனையக்கூடாது.

இரண்டாவது, தண்ணீருக்குள்ளேயே வைக்கும் சிறிய சப்மெர்சிபிள் பம்ப். கையில் தூக்கும் அளவுக்குத்தான் இருக்கும். அடியில் சல்லடை, மேலே ஹோஸ் மாட்டும் வாய், பக்கத்தில் ஒரு மிதவை. தண்ணீர் குறைந்ததும் மிதவை இறங்கி மோட்டாரைத் தானாகவே நிறுத்திவிடும். தேங்கிய நீரை வெளியேற்ற இதுவே வசதி. எங்கள் வீட்டில் உள்ளதும் இந்த வகைதான். கிணற்றில் போடும் ஓப்பன்வெல் மோட்டாரைக் கூடத்தில் வைத்து ஓட்ட முயலாதீர்கள். அது முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும்.

வாங்கும்போது மோட்டாரின் மேல் உள்ள நேம் பிளேட்டைப் படிக்கவும். அதில் 'ஹெட்' என்று மீட்டரில் ஓர் எண்ணும், லிட்டர் அளவில் ஓர் எண்ணும் இருக்கும். "10 மீட்டர் உயரம், நிமிடத்துக்கு 150 லிட்டர்" என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்திருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. அதிக உயரத்துக்குத் தள்ளும்போது தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதிகத் தண்ணீர் வேண்டுமென்றால் உயரம் குறைவாக இருக்க வேண்டும். வாசலிலிருந்து தெரு வடிகாலுக்கு ஒன்றிரண்டு மீட்டர் உயரம்தான் தேவை. "இரண்டு மீட்டரில் எத்தனை லிட்டர் வரும்?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அந்த எண்ணைத்தான் எக்ஸெல்லின் நான்காவது செல்லில் போட வேண்டும்.

யு.பி.எஸ்.ஸில் செருகலாமா?

கூடவே கூடாது. அரை குதிரைச் சக்தி என்பது 373 வாட். இது மோட்டார் வெளியே தரும் வேலை. அதற்காக அது உள்ளே வாங்கும் மின்சாரம் சுமார் 600 வாட். ஓடும்போது மூன்று, நான்கு ஆம்பியர் எடுக்கும். ஸ்விட்ச் போட்ட அந்தக் கணத்தில் மட்டும் ஐந்து, ஆறு மடங்கு, அதாவது 20 ஆம்பியர் வரை இழுக்கும். நம் 600 வி.ஏ. யு.பி.எஸ். தரக்கூடியது ஏறக்குறைய 360 வாட்தான். மோட்டாரைச் செருகினால் யு.பி.எஸ். உடனே நின்றுவிடும், அல்லது கெட்டுப்போகும்.

கம்ப்யூட்டருக்குப் போட்டிருக்கும் ஸ்பைக் பஸ்டரும் இதற்கு ஆகாது. அதன் வயர் மானிட்டர், பிரின்டர் போன்றவற்றுக்கு ஏற்ற மெல்லிய வயர். மோட்டாரைச் சுவரில் உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக்கில் நேராகச் செருகுவதே நல்லது.

தூரம் அதிகம், எக்ஸ்டென்ஷன் வேண்டியதுதான் என்றால் வயரின் தடிமனைப் பாருங்கள். 20 மீட்டர் நீளமுள்ள 0.75 சதுர மில்லி மீட்டர் வயரில், மோட்டார் கிளம்பும் கணத்தில் சுமார் 20 வோல்ட் வழியிலேயே வீணாகிவிடும். 2.5 சதுர மில்லி மீட்டர் வயரில் 6 வோல்ட்தான் வீணாகும். மழைக்காலத்தில் ஏற்கெனவே வோல்டேஜ் குறைவாக இருக்கும் ஊர்களில் இந்த வித்தியாசம் பெரிது. வோல்டேஜ் போதாத மோட்டார் சுழலாமல் உறுமிக்கொண்டே சூடாகி எரிந்துவிடும். வயரைச் சுருட்டி வைத்தபடியே பயன்படுத்தினால் சூடு வெளியேறாமல் உறை உருகும். முழுவதும் பிரித்துப் போடவும். வயரின் நடுவில் டேப் சுற்றிய ஒட்டு ஒன்றுகூட இருக்கக்கூடாது. எக்ஸ்டென்ஷனின் பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடம் தரையில் கிடக்கக்கூடாது. ஜன்னல் கம்பியிலோ மேஜை மேலோ உயரமாக இருக்கட்டும்.

ஸ்னோ த்ரோயரிலும் இதே பாடம்தான். அங்கே 120 வோல்ட் மின்சாரம், இயந்திரம் எடுப்பது 15 ஆம்பியர் வரை. எந்தத் தடிமனில் எத்தனை நீளத்துக்கு வயர் போட வேண்டும் என்று கையேட்டிலேயே அட்டவணை கொடுத்துவிடுகிறார்கள்.

எர்த்: கம்ப்யூட்டர் காட்டிக் கொடுக்கும் ரகசியம்

சி.பி.யு. பெட்டியின் பின்புறம் கை பட்டால் சுர்ரென்று ஒரு சின்ன ஷாக் அடிக்கிறதா? "கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது கம்ப்யூட்டரின் கோளாறு அல்ல. உங்கள் வீட்டு வயரிங் சொல்லும் சேதி.

கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் தேவையற்ற மின் அலைகளை வடிகட்டச் சிறிய கெப்பாசிட்டர்கள் உள்ளன. அவற்றின் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் பெட்டிக்கு வரும். எர்த் சரியாக இருந்தால் அது சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியிலேயே தங்கி, கை வைத்தவரின் உடம்பு வழியே இறங்கும். கம்ப்யூட்டரில் அது மிகச் சிறியது என்பதால் சுர்ரென்பதோடு போகிறது. அதே வீட்டில், அதே எர்த் இல்லாத பிளக்கில், உள்ளே ஈரம் இறங்கிய ஒரு மோட்டாரைச் செருகினால் முழு 230 வோல்ட்டும் அதன் உடலுக்கு வரலாம். அந்த மோட்டார் கிடப்பது நாம் கால் வைத்து நிற்கும் தண்ணீரில்.

எனவே பெட்டியில் ஷாக் தெரிந்தால், மோட்டார் வாங்கும் முன் எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். ஷாக் தெரியாவிட்டால் எர்த் சரியாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. ரப்பர் செருப்பு போட்டிருந்தாலும், தரை காய்ந்திருந்தாலும் தெரியாமல் போகும். தொட்டுப் பார்த்துச் சோதிப்பது முறையே அல்ல. மீட்டர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு பழக்கங்கள் ஆபத்தானவை. ஒன்று, சாக்கெட்டில் நுழையவில்லை என்று மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை வெட்டி எறிவது. அந்தப் பின்தான் எர்த். இரண்டாவது, எர்த் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் முறுக்கி இணைத்து வைப்பது. எங்காவது நியூட்ரல் அறுந்தால் மோட்டாரின் உடல் முழுவதும் அந்த நொடியே மின்சாரம் பாயும்.

உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி.

"எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது, பயமில்லை" என்று பலரும் சொல்கிறார்கள். எம்.சி.பி. காப்பது வயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் மின்சாரம் போனால்தான் விழும். மனிதர் ஒருவரின் உயிரைப் பறிக்க ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். அதை எம்.சி.பி. கண்டுகொள்ளாது.

மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. போகும் வயரில் எவ்வளவு மின்சாரம் போகிறதோ அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, "வழியில் யார் உடம்பிலோ இறங்குகிறது" என்று ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். 15 வாட் குண்டு பல்பு எடுப்பதே 65 மில்லி ஆம்பியர் என்றால், 30 எவ்வளவு சிறியது என்று பார்த்துக் கொள்ளுங்கள். வட அமெரிக்காவில் வீட்டின் வெளிப்புறச் சாக்கெட்டுகளில் 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். அந்தச் சாக்கெட்டில்தான் ஸ்னோ த்ரோயரைச் செருகுகிறார்கள்.

உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று தெரிந்து கொள்வது சுலபம். மெயின் போர்டில் உள்ள ஸ்விட்ச்களில் ஏதாவது ஒன்றில் 'டெஸ்ட்' என்றோ, அதன் முதல் எழுத்து மட்டுமோ எழுதிய சிறிய பட்டன் இருந்தால் அதுதான். பட்டனை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் உடனே மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை இப்படிச் சோதிக்கவும். சோதிக்கும் முன் கம்ப்யூட்டரில் உள்ள வேலையை சேவ் செய்து, ஷட் டவுன் செய்துவிடவும்!

இது இல்லாத வீட்டில் மோட்டாரைத் தண்ணீருக்குள் இறக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால், இதை வைத்துக் கொள்ளுங்கள்.

மெயினை அணைத்தால் போதுமா?

போதாது. கம்ப்யூட்டர் உள்ள வீடுகளில் மிக முக்கியமான விஷயம் இது. மெயினை அணைத்ததும் யு.பி.எஸ்., "கரண்ட் போய்விட்டது" என்று நினைத்துத் தன் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் தயாரிக்கத் தொடங்கும். தரையில் கிடக்கும் அதன் மேல் தண்ணீர் ஏறினால், மெயின் அணைந்த வீட்டிலும் ஷாக் அடிக்கும். இன்வெர்ட்டரும் அப்படித்தான். மெயின் போர்டில் உள்ள ஆர்.சி.சி.பி. இந்த பேட்டரி மின்சாரத்தைத் தடுக்காது.

ஆகவே தண்ணீர் வாசற்படியை நெருங்கும்போதே, தரை காய்ந்திருக்கும்போதே, இந்த வரிசையில் செய்யவும்.

1. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்யவும்.

2. யு.பி.எஸ்.ஸின் முன்பக்க ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கவும்.

3. சி.பி.யு., யு.பி.எஸ்., ஸ்பைக் பஸ்டர் ஆகியவற்றை மேஜை மேலோ பரணிலோ வைக்கவும்.

4. இன்வெர்ட்டரை அதன் ஸ்விட்சிலேயே அணைக்கவும்.

5. தரையை ஒட்டியுள்ள பிளக் பாயின்ட்டுகளுக்குச் செல்லும் எம்.சி.பி.களை அணைக்கவும்.

6. உயரமான, காய்ந்த இடத்தில் உள்ள, ஆர்.சி.சி.பி. பாதுகாப்பு பெற்ற ஒரு பவர் பிளக்கை மட்டும் மோட்டாருக்கு வைத்துக் கொள்ளவும்.

இந்த ஆறாவது பிளக்கை மழைக்கு முன்பே எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி, தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில், தனி லைனில் போட்டு வைத்துவிட்டால் நல்லது. யு.பி.எஸ். முழுகும் வரை கவனிக்காமல் விட்டுவிட்டால் அதை நோக்கித் தண்ணீரில் நடந்து போக வேண்டாம். அதன் பேட்டரி தீரும் வரை ஒதுங்கி இருங்கள். கம்ப்யூட்டர் போனால் வாங்கலாம். பத்திரமாக இருக்க வேண்டிய புகைப்படங்களையும் ஃபைல்களையும் முன்கூட்டியே பென் டிரைவில் காப்பி எடுத்து வைத்திருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

தண்ணீரில் நனைந்த சி.பி.யு.வை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று ஆன் செய்யக்கூடாது. பல நாட்கள் நன்றாகக் காய வைத்து, சர்வீஸ் செய்பவரிடம் காட்டிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

மோட்டாரை இயக்கும்போது

சப்மெர்சிபிள் பம்பை ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்து, கூடையை ஒரு செங்கல் மேல் வைத்துத் தண்ணீரில் இறக்குங்கள். வைக்கோல், இலை, பிளாஸ்டிக் பை ஆகியவை சல்லடையை அடைக்காமல் கூடை தடுக்கும். பம்பை வயரைப் பிடித்துத் தூக்கக்கூடாது. கைப்பிடியில் கயிறு கட்டி இறக்கவும், ஏற்றவும்.

எல்லாவற்றையும் பொருத்தி, தண்ணீரை விட்டு வெளியே வந்து, காய்ந்த இடத்தில் செருப்புடன் நின்று ஸ்விட்ச் போடவும். மோட்டார் ஓடும்போது யாரும் அந்தத் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. குழந்தைகள் விளையாடும் ஆசையில் இறங்கிவிடுவார்கள், கவனம்.

தண்ணீர் வருவது குறைந்தால் எங்கோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகே சல்லடையில் கை வைக்க வேண்டும். ஸ்னோ த்ரோயரில் விரல் இழப்பவர்கள் இந்த இடத்தில்தான் இழக்கிறார்கள். பனி அடைத்த வாயில் அவசரத்தில் கையை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் அந்த இயந்திரத்துக்கு, கையால் அல்ல, குச்சியால்தான் அடைப்பை எடுக்க வேண்டும் என்று எச்சரிக்கிறார்கள்.

கடைசி ஓர் அங்குலத் தண்ணீரை மோட்டாரால் இறைக்க முடியாது. அதையும் உறிஞ்சட்டும் என்று ஓட விட்டால் மோட்டார் வறண்டு ஓடிக் கருகிவிடும். அந்தத் தண்ணீர்தான் மோட்டாரையும் அதன் சீலையும் குளிர்விக்கிறது. மீதியைத் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள்.

தண்ணீரை எங்கே விடுவது?

பனியை ஓரமாக வீசினால் அங்கேயே கிடக்கும். தண்ணீர் அப்படி இல்லை, திரும்பி வரும். தெருவில் நிற்கும் தண்ணீரின் மட்டம் உங்கள் வாசற்படியை விட உயரமாக இருந்தால், இறைத்த தண்ணீர் முழுவதும் அடுத்த நிமிடமே உள்ளே வந்துவிடும். முதலில் வாசலில் மணல் மூட்டை அடுக்கி வழியை அடைக்கவும். பிறகு இறைக்கவும்.

ஹோஸின் மறுமுனை வடிகாலில் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக் கொல்லையிலோ, பக்கத்து வயலிலோ வேண்டாம். ஐப்பசியில் சம்பா இளம் பயிராக நிற்கும். ஏற்கெனவே முழுகித் தவிக்கும் பயிரின் மேல் நம் வீட்டுத் தண்ணீரையும் விடலாமா?

எப்போது மோட்டாரைத் தொடவே கூடாது?

மீட்டர் பெட்டியிலோ மெயின் போர்டிலோ தண்ணீர் தொட்டுவிட்டால், சுவர் ஈரத்தில் ஸ்விட்ச் போர்டு ஷாக் அடித்தால், தெருவில் மின்கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்தால் மோட்டார் பேச்சே வேண்டாம். விலகி நின்று மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குச் சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077.

கரண்டே இல்லாத நாட்களும் வரும். 2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. டெல்டாவில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் இருந்தன. அப்போது கை கொடுப்பது அப்பா சொல்லும் ஆயில் இன்ஜின்தான். புயலுக்குப் பிறகு கரண்ட் வரும் நேரத்தில், நனைந்த வயரிங்கைச் சோதிக்காமல் எதையும் ஆன் செய்யாதீர்கள்.

புரட்டாசிக்குள் செய்ய வேண்டியவை

மழை முடிந்ததும் மோட்டாரை நல்ல தண்ணீரில் சில நிமிடம் ஓட்டிச் சேற்றைக் கழுவி, காய வைத்து, பரணில் வையுங்கள். மாதம் ஒருமுறை அது மூழ்கும் அளவு தண்ணீர் உள்ள தொட்டியில் இரண்டு நிமிடம் ஓட்டினால் இறுகிப்போகாது. ஸ்விட்ச் போட்டதும் உறுமல் மட்டும் கேட்டு, சுழலாமல் நின்றால் உடனே அணைத்துவிடவும். சல்லடை அடைத்திருக்கலாம், அல்லது கெப்பாசிட்டர் போயிருக்கலாம். கெப்பாசிட்டர் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும் என்பதால் அதை மெக்கானிக் மாற்றட்டும்.

இன்டர்நெட் இணைப்பு உள்ளவர்கள் வானிலைத் துறையின் இணையதளத்தில் காரைக்கால் ரேடார் படத்தைப் பார்க்கக் கற்றுக் கொள்ளுங்கள். வங்கக் கடலிலிருந்து மழை மேகம் டெல்டாவை நோக்கி வருவதை உங்கள் மானிட்டரிலேயே பார்க்கலாம். யு.பி.எஸ்.ஸை மேஜை மேல் ஏற்றி வைக்க அந்த அவகாசம் தாராளமாகப் போதும்.

மோட்டாரின் விலையை விட ஆர்.சி.சி.பி.யும், நல்ல எர்த்தும், தடிமனான வயரும் முக்கியம். செலவுக்குப் பணம் போதவில்லை என்றால் முதலில் இவற்றைச் செய்யுங்கள். மோட்டாரை அடுத்த மாதம் வாங்கிக் கொள்ளலாம். இவை மழை நாளில் மட்டுமல்ல, ஆண்டு முழுவதும் உங்கள் வீட்டையும், நீங்கள் ஆசையாக வாங்கிய கம்ப்யூட்டரையும் காக்கும்.